அம்மாவின் சிறுநீர்ப்பைக்கு எது நல்லது: மாத்திரையா, மணிக்கூடா?

“அக்கா, அம்மாவுக்கு அடக்க முடியாம வருது. ஏதாவது மாத்திரை இருக்கா?”

இலங்கை மலையகத்து ஹட்டனில் நான் வேலை செய்யும் பாமசியில் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். பின்னால் யாராவது நின்றால் பனடோல் ஒரு காட் வாங்கிக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விடுவார்கள். மாத்திரை இருக்கிறது. ஒன்றல்ல, ஐந்தாறு வகை இருக்கின்றன. எதை எடுப்பது, எடுக்கத்தான் வேண்டுமா என்று என் வீட்டிலேயே ஒரு வருடம் தடுமாறினோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபத்தைந்து வயது தாண்டியவருக்கு இந்தத் தொல்லை என்றால், புது மாத்திரை தேடுவதற்கு முன் அவர் ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளை எடுத்துப் பாருங்கள். அடுத்து, மணிக்கூட்டைப் பார்த்து ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குப் பயிற்சி கொடுங்கள். அதுவும் போதவில்லை என்றால், பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறவருக்கு மிராபெக்ரோன் என்ற மாத்திரை. எல்லோரும் முதலில் கை நீட்டும் ஒக்சிபியூட்டினின் மாத்திரையை வயதானவருக்குக் கடைசியில் வைக்கிறேன். ஏன் இந்த வரிசை என்பது நரம்பின் செய்தியைப் பிடிக்கும் மஸ்கரினிக் வாங்கிகள் உடம்பில் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் புரியும்.

அம்மாவுக்கு 68 வயது. முப்பத்து நான்கு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். மலையில் கக்கூஸ் கிடையாது. காலையில் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் முன் ஒரு தடவை, மதியம் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்தால் ஒரு தடவை, அவ்வளவுதான். நடுவில் வந்தால் அடக்க வேண்டும், அல்லது அட்டைக்கு நடுவே தேயிலைக்குள் ஒதுங்க வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்தவர்கள் என் அம்மா வயதில் எத்தனையோ பேர். இப்போது வேலைக்குப் போவதில்லை, ஆனால் அடக்கவும் முடிவதில்லை. வாசலில் இருந்து கழிவறைக்கு இருபத்தாறு எட்டு. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். பதினைந்தாவது எட்டிலேயே சேலை நனைந்துவிடும். பைப்பில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே வந்துவிடும். பனிக்காலத்தில் இரவு நான்கு தடவை எழும்புவார். கண்டியில் நடந்த சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பஸ் கினிகத்தேனை தாண்டுமுன் என்ன ஆகுமோ என்று வராமல் நின்றுவிட்டார். அன்றைக்குத்தான் இதைச் சும்மா விடக்கூடாது என்று எனக்குப் பட்டது.

சரி, வாங்கி என்றால் என்ன? நரம்பு தசையோடு பேசுவது ஒரு வேதிப்பொருளின் மூலம். நரம்பு நுனியில் அசற்றைல்கோலின் என்ற பொருள் கசியும். தசையின் மேலே அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம் இருக்கும். அந்தப் புரதத்தைத்தான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் வாங்கி என்று படித்தோம். இந்தியப் புத்தகங்களில் ஏற்பி என்று இருக்கும். நரம்பு இப்படி வேதிப்பொருளால்தான் பேசுகிறது என்பதை 1921இல் ஒட்டோ லோவி என்பவர் இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் கிடந்த திரவத்தை எடுத்து மற்றதில் விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவாகிவிட்டது. 1936இல் ஹென்றி டேலோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அசற்றைல்கோலினைப் பிடிக்கும் வாங்கிகளில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்று புகையிலையின் நிக்கோட்டினுக்கும் மசிவது. கை கால் தசைகளில் இருப்பது அதுதான். மற்றது மஸ்கரின் என்ற பொருளுக்கு மசிவது. வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புக் குடைக் காளான் ஒன்றில் இருந்து 1869இல் பிரித்தெடுத்த நஞ்சு அது. இந்த மஸ்கரினிக் குடும்பத்தில் எம்1 முதல் எம்5 வரை ஐந்து பேர். எம்2 இதயத்தில் இருந்து துடிப்பை நிதானப்படுத்துகிறது. எம்3 உமிழ்நீர்ச் சுரப்பியில், கண்மணியைச் சுருக்கும் தசையில், குடலில், மூச்சுக் குழாயில், வியர்வைச் சுரப்பியில், சிறுநீர்ப்பையில் என்று பல இடங்களில் இருக்கிறது. எம்1 அதிகமாக மூளையில், நினைவோடும் கவனத்தோடும் சம்பந்தப்பட்டது. எம்4, எம்5 இரண்டும் பெரும்பாலும் மூளைக்காரர்கள்.

சிறுநீர்ப்பையில் எண்ணிக்கையில் அதிகம் எம்2தான். ஆனால் பையைச் சுருக்கிச் சிறுநீரை வெளியே தள்ளும் வேலை முக்கியமாக எம்3 உடையது. பை நிரம்பும் முன்பே அந்தத் தசை தானாகச் சுருங்கத் தொடங்கினால் வருவதுதான் இந்த அவசரம். ஆகவே எம்3ஐ அடைத்துவிட்டால் அவசரம் குறையும். மாத்திரைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே யோசனையில் செய்தவை.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே பைப் லைன். ஒரு வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று மேலே டாங்கிப் பக்கம் வால்வை மூடினால், ஒழுக்கு நிற்கும். பன்னிரண்டு வீட்டிலும் சோறு வடிக்கத் தண்ணீரும் நிற்கும். மஸ்கரினிக் அடைப்பு மாத்திரை அந்த மேல் வால்வைத்தான் மூடுகிறது. வாய் காயும், மலம் கட்டும், கண் மங்கும், வியர்வை குறையும், இதயம் படபடக்கும், மூளைக்குள் போனால் நினைவு தடுமாறும். ஒரு மாத்திரை எவ்வளவு மேலே போய் மூடுகிறது, எந்தெந்த வீட்டைத் தொடுகிறது என்பதில்தான் வேறுபாடு எல்லாம்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் நன்றாகத் தெரியும். பாக்கில் அரெகோலின் என்ற பொருள் இருக்கிறது. அது மஸ்கரினிக் வாங்கிகளைத் தட்டி எழுப்பும். மென்ற கொஞ்ச நேரத்தில் வாயெல்லாம் எச்சில் ஊறி வழிவதற்கு அதுவும் ஒரு காரணம். அம்மாவுக்கு ஒக்சிபியூட்டினின் தொடங்கிய மூன்றாம் நாளே வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அவர் கண்ட வைத்தியம், நாளுக்கு நாலு வாய் வெற்றிலை என்றிருந்ததைப் பத்தாக்கியது. பாக்கு வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. ஒரு மாத்திரையின் வறட்சிக்காக இன்னொரு ஆபத்தை அவர் மடியில் கட்டிக்கொண்டார், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒக்சிபியூட்டினின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். கொழும்பில் இருக்கும் தம்பிக்கு அம்மாவின் கஷ்டத்தைக் கேட்டுப் பொறுக்கவில்லை. “அக்கா, சும்மா பயிற்சி கியிற்சி என்று இழுத்தடிக்க வேணாம், மருந்து இருக்குதானே” என்று தனியார் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனான். 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை என்று எழுதினார். வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. வயதானவருக்கு இரண்டரை மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை என்று தொடங்குவதுதான் முறை. எனக்கு அது தெரியும். தெரிந்தும், நல்லது நடக்கட்டும் என்ற ஆசையில் பேசாமல் இருந்துவிட்டேன்.

நியாயமாகச் சொல்கிறேன், மருந்து வேலை செய்தது. இரண்டு வாரத்தில் இரவு எழும்புவது நான்கில் இருந்து இரண்டானது. அம்மாவின் முகம் தெளிந்தது. ஒக்சிபியூட்டினின் 1970களில் இருந்தே பாவனையில் இருக்கும் பழைய மருந்து, விலையும் குறைவு. ஆனால் மலம் நான்கு நாள் கட்டியது. புத்தக எழுத்து மங்குது என்றார். அப்புறம் ஒரு விடியற்காலை, குசினியில் வெளிச்சம் கண்டு எழும்பிப் போனேன். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“பிரட்டுக்கு நேரமாச்சு. என் கூடை எங்க? நீதான் எடுத்தியா?”

என்னைப் பார்த்து, செத்துப்போன சின்னம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். எனக்குக் கால் நடுங்கிவிட்டது. மறதி நோய் தொடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

விடிந்ததும் அம்மாவின் மருந்துப் பையை மேசையில் கொட்டினேன். பிரஷருக்கு அம்லோடிபின். கால் குடைச்சலுக்கு அமிட்ரிப்டிலின். தடுமலுக்கும் அரிப்புக்கும் குளோர்பெனிரமின். “போட்டா நல்லா நித்திரை வருது புள்ள” என்று வருடக்கணக்காகத் தினமும் இரவு ஒன்று. அதோடு புதிதாக ஒக்சிபியூட்டினின். அமிட்ரிப்டிலின், குளோர்பெனிரமின், ஒக்சிபியூட்டினின் மூன்றுமே மஸ்கரினிக் வாங்கியை அடைப்பவை. பெயரும் வேறு, நோயும் வேறு, எழுதிய கையும் வேறு. மூன்றும் போய் மூடியது ஒரே வால்வை. குளோர்பெனிரமினைக் கடையில் இருந்து கொண்டுவந்து கொடுத்தவளே நான்தான்.

அன்றைக்கே கிளினிக்கில் அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் பையோடு போனோம். ஒக்சிபியூட்டினினையும் குளோர்பெனிரமினையும் நிறுத்தினார். அரிப்புக்கு லொரடடின் கொடுத்தார். அமிட்ரிப்டிலினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார், அதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. ஒரு வாரத்துக்குள் அம்மா பழைய அம்மாவானார். கூடையைத் தேடியது அவருக்கு நினைவே இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட 3,434 பேரை ஏழு வருடத்துக்கு மேலாகத் தொடர்ந்து பார்த்தார்கள். இப்படியான வலுவான அடைப்பு மருந்துகளை அதிகம் எடுத்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களைவிட ஏறக்குறைய 54 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதிகம் என்றால் எவ்வளவு தெரியுமா? தினமும் ஒக்சிபியூட்டினின் 5 மில்லிகிராம், அல்லது குளோர்பெனிரமின் 4 மில்லிகிராம், மூன்று வருடத்துக்கு மேல். நான்கு மில்லிகிராம் என்பது எங்கள் கவுண்டரில் கொடுக்கும் ஒரே ஒரு சின்ன மாத்திரை. மருந்துதான் மறதிக்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. இரண்டும் சேர்ந்து போகின்றன என்றுதான் காட்டியது. ஆனாலும் வேறு வழி இருக்கும்போது என் அம்மாவை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை.

அடைப்பு மருந்துகளிலேயே புதியவை நிறைய வந்திருக்கின்றன. டொல்டெரோடின், சொலிபெனசின் இரண்டிலும் வாய் வறட்சி ஒக்சிபியூட்டினினை விடக் குறைவு. சொலிபெனசினை நாளுக்கு ஒரு தடவை போட்டால் போதும். டரிபெனசின் எம்3 பக்கமே கூடுதலாகச் சாயும். ட்ரோஸ்பியம் மின்னேற்றம் உள்ள மூலக்கூறு என்பதால் மூளையின் தடுப்பை எளிதில் தாண்டாது. ஒக்சிபியூட்டினினோ சிறியது, கொழுப்பில் கரைவது, சுலபமாக உள்ளே போய்விடும். மூளைக்குப் பயந்தால் ட்ரோஸ்பியம் நல்ல தேர்வுதான், வெறும் வயிற்றில் நாளுக்கு இரண்டு வேளை எடுக்க வேண்டும். ஆனால் இவை எல்லாம் குடலைக் காய வைக்கும். ஏற்கெனவே மலச்சிக்கலோடு மல்லுக்கட்டும் அம்மாவுக்கு எதையும் நான் கேட்கவில்லை.

மிராபெக்ரோன் வேறு வாசலால் போகிறது. சிறுநீர்ப்பைக்கு இரண்டு வகை நரம்புக் கட்டளை உண்டு. வெளியே தள்ளச் சொல்வது அசற்றைல்கோலின், மஸ்கரினிக் வழி. நிரம்பும்வரை தளர்ந்து இரு என்று சொல்வது நோரட்ரினலின், பீற்றா 3 என்ற வாங்கி வழி. மிராபெக்ரோன் இந்த இரண்டாவதைத் தட்டிக்கொடுக்கிறது. தள்ளும் கையைக் கட்டாமல், தாங்கும் கைக்குப் பலம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வாய் காய்வதும், மலம் கட்டுவதும், புத்தி தடுமாறுவதும் இதில் மிகக் குறைவு. 2011இல் ஜப்பானிலும் 2012இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.

அதற்காக எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. இது பிரஷரைக் கூட்டக்கூடும். 180க்கு 110 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொடவே கூடாது. இதயத்துக்கு மெட்டோப்ரோலோல் போடுகிறவர்களுக்கு அந்த மருந்தின் அளவு இரத்தத்தில் கூடிவிடும், டாக்டருக்குத் தெரிய வேண்டும். சிறுநீரகம் பலவீனம் என்றால் அளவைக் குறைக்க வேண்டும். இன்னொன்றையும் மனம் வலித்தாலும் சொல்லத்தான் வேண்டும்: விலை. ஒக்சிபியூட்டினினை விட இது நன்றாகவே கூட. நாட்சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு இதை மாதாமாதம் வாங்குவது சுமை. பலன் முழுதாகத் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். பத்து நாளுக்கு மட்டும் வாங்கிப் போட்டுப் பார்த்து, “கேட்கல” என்று விட்டுவிடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு வாங்க முடியும் என்றால் மட்டும் தொடங்குங்கள்.

இனி மணிக்கூட்டுக்கு வருகிறேன். நான் கொஞ்சம் நீட்டி எழுதப்போகும் பகுதி இதுதான். காசு செலவில்லை, எந்த வால்வையும் மூடுவதில்லை, ஆனாலும் யாரும் இதை உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

முதலில் மூன்று நாள் கணக்கு. பழைய அளவுக் கோப்பை ஒன்றைக் கழிவறையில் வைத்தோம். எப்போது போனார், எவ்வளவு போனார், எப்போது நனைந்தது. அம்மாவுக்கு எழுத வராது. கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கரிக்கோடு போட்டார்: முழுக் கோப்பைக்கு நீளக் கோடு, அரைக்குக் குட்டைக் கோடு, நனைந்தால் ஒரு புள்ளி. “கொழுந்து நிறுக்கிற மாதிரி இருக்கு புள்ள” என்றார். தான் எடுத்த கொழுந்தின் எடையை எப்போதும் தானே மனதில் கூட்டி வைத்துக் கணக்கப்பிள்ளையிடம் சரிபார்த்தவர், அந்தக் கவனத்தை அப்படியே இதிலும் காட்டினார். கணக்கு என்ன சொன்னது? நாளுக்குப் பதினான்கு தடவை. பகலில் ஒவ்வொரு தடவையும் நூறு மில்லிலீட்டர்கூட இல்லை. நல்ல சிறுநீர்ப்பை நானூறு, ஐந்நூறு வரை தாங்கும். ஆனால் இரவில் போனவை எல்லாம் நீளக் கோடு.

அந்த நீளக் கோடுகள்தான் எங்களுக்குக் கண் திறந்தன. பகலில் பை சின்ன அளவுக்கே துடிக்கிறது, இரவிலோ உண்மையாகவே நிறையச் சிறுநீர் வருகிறது. ஏன்? அம்மாவின் கணுக்கால் பின்னேரத்தில் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். அம்லோடிபின் சிலருக்கு அப்படிச் செய்யும். படுத்ததும் காலில் தேங்கிய நீர் இரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் அதை இரவெல்லாம் வெளியேற்றுகிறது. எந்த மஸ்கரினிக் மாத்திரையும் இதைத் திருத்தாது. டாக்டர் பிரஷர் மருந்தை மாற்றினார். பின்னேரம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொன்னார்.

அடுத்து தேத்தண்ணி. அம்மா நாளுக்கு ஏழு பிளேன்டீ குடிப்பார். தேயிலையின் கஃபீன் சிறுநீரைக் கூட்டும், பையையும் உசுப்பும். நான்காகக் குறைத்து, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு இல்லை என்று வைத்தோம். வெறும் தண்ணீரை மட்டும் குறைக்கவே விடவில்லை. குறைத்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் எரிக்கும், மலமும் கட்டும். கட்டிய மலம் பின்னால் இருந்து பையை நெருக்கும், அதுவே ஓர் அவசரம். மலையில் முப்பது வருடம் தண்ணீர் குடிக்காமல் பழகியவரை மறுபடி குடிக்க வைப்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

அப்புறம் பயிற்சி. கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் ஒரு மணிக்கு ஒரு தடவை போக வேண்டும். ஒரு வாரம் நனையாமல் போனால் இடைவெளியில் பதினைந்து நிமிடம் கூட்ட வேண்டும். நடுவில் அவசரம் வந்தால் ஓடக்கூடாது. நின்ற இடத்தில் நிற்க வேண்டும், முடிந்தால் உட்கார வேண்டும். வாயுவை அடக்குவதுபோல் அடித்தசையை ஐந்தாறு தடவை வெடுக் வெடுக்கென்று இறுக்கி விட வேண்டும். அவசரம் எழும்பும், உச்சிக்குப் போகும், இறங்கும். இறங்கியபின் நடந்து போக வேண்டும். அம்மா முதல் நாள் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து, “போயிருச்சு” என்றார். பிறகு இருபத்தாறு எட்டையும் மெதுவாக நடந்து போனார், சேலை நனையவில்லை.

அடித்தசைப் பயிற்சி தனியாகவும் உண்டு. ஒரு வேளைக்கு எட்டு தடவையாவது இறுக்கி விடுவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் சொட்டுகிறவர்களுக்கு இதுதான் முதல் மருந்து. அவர்களுக்கு மஸ்கரினிக் மாத்திரையால் பயனில்லை, அங்கே கோளாறு வேறு. பிள்ளைகள் நிறையப் பெற்று, கொழுந்துப் பாரம் சுமந்த பெண்களுக்குக் கருப்பை கீழே இறங்கும் அடியிறக்கமும் இருக்கலாம். வெட்கப்படாமல் கிளினிக்கில் காட்டிவிட வேண்டும்.

அம்மாவிடம் முன்பு சொல்லியிருந்தால், “நான் ஆயுள் முழுக்க அடக்கினவதானே, எனக்கென்ன பயிற்சி” என்றிருப்பார். அடக்குவது வேறு, இது வேறு. அன்று பை வெடிக்குமளவு நிரம்பியும் விடாமல் வைத்தார். இன்று நிரம்பாத பைக்குப் பொறுமை பழக்குகிறார். ஆறு வாரத்தில் பதினான்கு ஒன்பதானது, இரவு நான்கு இரண்டானது. பார்த்தீர்களா, ஒக்சிபியூட்டினின் கொடுத்த அதே இரண்டு.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. மறதி முற்றியவரால் மணிக்கூட்டைப் பார்த்து நடக்க முடியாது. வீட்டில் யாராவது நேரத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். பகலெல்லாம் மலைக்குப் போகும் வீட்டில் அதற்கு ஆளுக்கு எங்கே போவது? அப்படியான வீட்டுக்கு மிராபெக்ரோனை முதலிலேயே யோசிக்கலாம், நான் குறை சொல்லமாட்டேன். முப்பது நாற்பது வயதுப் பெண், வேறு மருந்து இல்லை, தொழிற்சாலையில் நின்று வேலை, அடிக்கடி வெளியே போனால் திட்டு விழும் என்றால் சொலிபெனசினே போதும். அவர் மூளையும் குடலும் அதைத் தாங்கும். ஆண்களில் புரஸ்டேட் வீங்கி, வர வேண்டிய சிறுநீரே முழுதாக வராதவருக்கு அடைப்பு மருந்தைக் கொடுத்தால் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளலாம். கண்ணில் குறுங்கோணக் குளுக்கோமா என்ற கண்ணழுத்த நோய் இருந்தால், இந்த மருந்தால் கண்மணி விரிந்து அழுத்தம் இன்னும் ஏறும். இந்த இரண்டையும் கேட்காமல் நான் யாருக்கும் மாத்திரையை எடுத்து நீட்டுவதில்லை.

இன்னொரு சேர்க்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறதி நோய்க்குக் கொடுக்கும் டொனெபெசில் மூளையில் அசற்றைல்கோலினைக் கூட்டுவதற்கான மருந்து. அது சிறுநீர்ப்பையிலும் கூடும், அவசரம் வரும். அந்த அவசரத்துக்கு இன்னொருவர் ஒக்சிபியூட்டினின் எழுதுவார். ஒரு கையால் ஊற்றி மறு கையால் இறைப்பது போன்றது அது. நோயாளி இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே இருப்பார்.

நாட்டு மருந்து கேட்பவர்களும் வருவார்கள். நுவரெலியாப் பக்கம் வேலியோரத்திலும் ஓடையோரத்திலும் எக்காளம்போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளைப் பூ இருக்கிறதே, அது ஊமத்தையின் உறவு. இலை, பூ, விதை எல்லாவற்றிலும் மஸ்கரினிக் வாங்கியை அடைக்கும் ஸ்கொபொலமின் உண்டு. எந்த இலையில் எவ்வளவு என்று யாராலும் அளக்க முடியாது. அம்மாவுக்கு மூன்று மாத்திரையில் நடந்தது, இதில் ஒரு கைப்பிடிக் கஷாயத்தில் பல மடங்காக நடக்கும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தை மரக்கறித் தோட்டக்காரர்கள் தெரிந்திருக்க வேண்டும். ஓர்கனோபொஸ்பேற் வகைப் பூச்சிமருந்து, அசற்றைல்கோலினை உடைத்துத் துப்புரவாக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. உடைபடாமல் தேங்கும் அசற்றைல்கோலின் எல்லா வால்வையும் ஒரே நேரத்தில் திறந்துவிடும். எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகும், மூச்சு இரையும், சிறுநீர் தானாகப் போகும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் அட்ரோபின், ஒக்சிபியூட்டினின் செய்யும் அதே அடைப்பைத்தான் வலுவாகச் செய்கிறது. அங்கே அது உயிர் காக்கும். மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு இந்தக் குறிகள் கண்டால் உடுப்பைக் கழற்றி, உடம்பைக் கழுவி, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

எந்த வழியை எடுப்பதற்கு முன்பும் சிறுநீரைச் சோதித்துக் கிருமித் தொற்று இல்லை என்றும், இரத்தத்தில் சீனி கூடவில்லை என்றும் பார்த்துவிடுங்கள். சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், வலி, அல்லது முக்கியும் வராமல் அடைத்துக்கொள்வது என்றால் பயிற்சியும் வேண்டாம், பாமசியும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பியில் இல்லாதவை, கடையில் சும்மா வாங்கியவை, பக்கத்து வீட்டில் கடன் வாங்கியவை எல்லாம் அந்தப் பையில் இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு இப்போது இடைவெளி இரண்டேகால் மணி நேரம். தம்பி மிராபெக்ரோனுக்குக் காசு அனுப்புகிறேன் என்கிறான். மாற்றிய மருந்தில் பிரஷர் நிலையாக நிற்கிறதா என்று ஒரு மாதம் வாரம் இரண்டு தடவை அளந்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நின்றால் தொடங்கலாமா என்று அன்றைக்குப் பேசுவோம். “ரெண்டே முக்கால் வந்துட்டா கண்டிக்கே போயிறலாம் புள்ள, மாத்திரை எதுக்கு” என்கிறார் அம்மா. தினமும் கலண்டர்த் தாளைப் புரட்டிப் பார்த்து, அன்றைய கோடுகளைத் தானே எண்ணுகிறார்.